நான் குடிக்காத பால்

நான் அந்தப் பாலை ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. ஆனால் குடிக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதை நம்பி ஒருத்தி தன் மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள்.

இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் கேட்கப் பிடிக்கவில்லையென்றால் நீ எழுந்து போய்விடு. இருப்பதென்றால் இரு. என்னைச் சமாதானப்படுத்த மட்டும் வராதே.

நான் கோபக்காரி. பிறவிக் குணம். திருநெல்வேலியில் இருந்தபோதும் அப்படித்தான், புனேக்கு வந்து வாகட் பகுதியில் ஆறாவது மாடியில் குடியேறிய பிறகும் அப்படித்தான்.

என் கணவன் குணா சாது. அதுதான் தொல்லையே! நான் எதற்குக் கத்தினாலும் அவன் பதில் சொல்ல மாட்டான். அவன் கண் மட்டும் மெல்ல நகர்ந்து ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டருக்குப் போகும். ஓ... தேதி நெருங்குகிறது. அவ்வளவுதான். முடிந்தது வழக்கு. அவன் அம்மா என்னைப் போனில் மலடி என்று சொன்னதற்கு நான் கத்தினாலும் காலண்டர். அலுவலகத்தில் நான் செய்த வேலையை இன்னொருவன் தன் பெயரில் அனுப்பியதற்குக் கொதித்தாலும் காலண்டர்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எனக்கு எரிச்சல் கூடும். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடும், அவ்வளவுதான். இல்லாத காரணத்தை அது உண்டாக்கியதில்லை. இதை எந்த ஆணுக்குப் புரிய வைப்பது?

ஒரு நாள் அவன் ஒரு டப்பாவோடு வந்து நின்றான். அமுக்கராக் கிழங்குப் பொடி. அஸ்வகந்தா என்று இங்கே எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும்.

"ஹார்மோனை நிதானப்படுத்துமாம்மா. மனசு லேசாகுமாம். வீடியோல ஒரு டாக்டரே சொல்றாரு."

"அந்த டாக்டருக்கு மாசாமாசம் வருதாமா?"

சிரித்தான். சாயங்காலமானால் அவனே பாலைக் காய்ச்சி, பொடியைப் போட்டு, நுரை வர ஆற்றி, டம்ளரை என் கையில் கொடுப்பான். அதில் அன்பு இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வாடை! அஸ்வகந்தா என்றால் குதிரை வாடை என்று பொருளாம். நனைந்த தோல், வியர்வை, மூடிய அறைக்குள் மூச்சு விட்டபடி நிற்கும் ஏதோ ஒரு மிருகம்... சமையலறையை ஒட்டிய ட்ரை பால்கனிக்குப் போவேன். பாத்திரம் கழுவும் மூலையில், தரையிலிருக்கும் சாக்கடை ஜாலியில் ஊற்றுவேன். தண்ணீர் விடுவேன். காலி டம்ளரோடு திரும்பி வருவேன். வீட்டு வேலைக்கு வரும் மராட்டிக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இங்கே குதிரை எதுவும் கட்டி வைத்திருக்கிறீர்களா தாயி?" என்று இந்தியில் கேட்டாள்.

பிறகுதான் அந்தப் பொடியின் உண்மையான உபயோகம் எனக்குப் பிடிபட்டது.

அடுத்த சண்டையில் அவன் கண் காலண்டருக்குப் போனது. "அங்க என்ன பார்வை? நான்தான் பால் குடிக்கேம்லா? அப்ப இது அந்த நாள் கோவம் இல்ல. நெசக் கோவம். பதில் சொல்லு!" என்றேன்.

அவன் திகைத்துப்போனான். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் கோபத்துக்குப் பதில் சொன்னான். அவன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, இனி அவளை மலடி என்று சொல்லாதே என்றான். என் கோபத்துக்கு ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது! அதை விடுவேனா? அன்று முதல் பொடியைப் புகழ்ந்தேன். லிஃப்டில் புகழ்ந்தேன். காய்கறி வண்டியருகே புகழ்ந்தேன். கட்டடத்தின் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன்.

கவிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எதிர்வீடு. கோயம்புத்தூர்ப் பெண். அவள் ட்ரை பால்கனியும் எங்களுடையதும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நடுவில் கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் ஒரு பள்ளம், கீழே தரைவரை. கைநீட்டினால் எட்டாது. மெதுவாகப் பேசினாலும் கேட்கும். துணி உலர்த்தும்போது அங்கேதான் பேசிக்கொள்வோம்.

அவளுக்கு வந்தது என் எரிச்சலைப்போல அல்ல. அந்த நாட்களில் அவள் முகமே மாறிவிடும். கண்ணுக்குள் விளக்கை அணைத்ததுபோல இருக்கும். "செத்துடலாம்னு தோணுதுங்க்கா. காரணமே இல்லீங்க. ரத்தத்தப் பாத்ததும் அந்த நெனப்பு ஓடிப் போயிருது," என்றாள். ஒரு பெண் மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். அது அவளுக்குக் கேட்டது. நான் கண்ணால் பார்த்தேன். சிரித்தாள், கோலம் போட்டாள், எனக்குக் கொள்ளுப் பருப்பு கொடுத்தனுப்பினாள்.

ஆனால் அவள் மாமியார் அதைப் பைத்தியக்கார மாத்திரை என்றாள். கவிதா என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு அந்தப் பொடியே போதுமாயிருக்குதுங்களா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன தடை? சமையலறையில் குணா இருந்தான். அவன் காதில் விழும். அவ்வளவுதான் தடை!

"மாத்திரையைத் தூக்கிப் போடுட்டி. எனக்கே அடங்கிட்டுன்னா உனக்கு அடங்காதா?"

அந்தப் பொடி சிலருக்கு நன்மை செய்யலாம். செய்யாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் குற்றம்.

முதல் மாதம் சமாளித்தாள். அடுத்த மாதம் அவள் பேச்சில் யாரோ ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

"அவ நாளைக்கு வந்துருவாங்க்கா," என்றாள், துணியை உதறிக்கொண்டே.

"எவட்டி?"

"அதானுங்க... அவ."

விருந்தாளி வருவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். மறுநாள் அவள் கொடியில் துணியைத் திருப்பித் திருப்பிக் காயப்போட்டாள், காய்ந்த துணியை. நடுநடுவே தன் தோளுக்குப் பக்கத்தில் எதையோ கேட்டுத் தலையாட்டினாள்.

மழைக்காலம். வாகட் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். ஒரு சாயங்காலம், வழக்கம்போல டம்ளரோடு ட்ரை பால்கனிக்குப் போனேன்.

கவிதா கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இந்தப் பக்கம், பள்ளத்துக்குள் தொங்கின. நனைந்துகொண்டிருந்தாள். முகத்தில் பயமில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

ஏழுகடல் கேட்கக் கத்துகிற நான் மெல்லத்தான் கூப்பிட்டேன்.

"கவிதா... உள்ள போயிருட்டி."

"நான் உள்ளதானுங்க்கா இருக்கேன். சாதம் வெச்சுட்டிருக்கேன். இங்க உக்காந்திருக்கறது அவ."

நிஜமாகவே அவள் வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "அவ உங்களப் பத்தி ஒண்ணு சொல்றாங்க்கா. நீங்க அந்தப் பாலக் கீழ ஊத்தறீங்களாமா. டெய்லி பாக்கறாளாமா. நான் திட்டுனேன். அக்கா அப்படிப் பண்ண மாட்டாங்க, எனக்குப் பொய் சொல்ல மாட்டாங்கன்னேன். அவ சிரிக்கறா. நீங்களே சொல்லுங்க... குடிக்கறீங்கதானுங்க்கா?"

நீ என்ன சொல்லியிருப்பாய்? உன்னைத்தான் கேட்கிறேன். உண்மையைச் சொன்னால், அவளைத் தள்ளப் பார்க்கிறவள் ஜெயித்துவிடுவாள். பொய்யைச் சொன்னால்...

"குடிக்கிறேன்," என்றேன்.

"அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"குடிக்கிறேன்டி! தினமும் குடிக்கிறேன்!"

கவிதா தன் பக்கத்துக் காற்றைப் பார்த்து, "கேட்டியா?" என்றாள். பிறகு கால்களைத் தூக்கி, மெல்லத் திரும்பி, உள்ளே இறங்கினாள். குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது.

நான் அவளைக் காப்பாற்றினேனா? சில நாள் அப்படி நினைக்கப் பார்த்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு! அவளை அந்தச் சுவர்மேல் ஏற்றியதே என் வாய்தானே.

அன்றே அவள் கணவனிடம் ஓடினேன். நான் பார்த்ததைச் சொன்னேன், பழைய மருத்துவரிடமே கூட்டிப்போகச் சொன்னேன். அவன் வெளுத்துப் போனான். ஆனால் என்ன சொன்னான் தெரியுமா? "பொடி குடிச்சுட்டுத்தானுங்க இருக்கறா. உங்களுக்கே செரியாச்சுன்னு சொன்னீங்களே." அப்போதும் என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் குணா நின்றான், என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரமே அவளைக் கோயம்புத்தூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். வீட்டையும் காலி செய்தான். எதிர்வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கொடியில் ஒரு க்ளிப் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கவிதா ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில் என்னைப் போனில் கூப்பிடுகிறாள். நான் டாக்டரைப் பார் என்கிறேன், மாத்திரையை மறுபடி ஆரம்பி என்கிறேன், கெஞ்சுகிறேன். "அதெல்லாம் வேண்டாங்க்கா. நீங்க சொன்னதே போதும்," என்கிறாள். என் மெய்யைவிட என் பொய்க்கு வலு அதிகம்! அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளும் பொடியைத்தான் நம்புகிறாள். முடிவில் கவிதா கேட்பாள்: "நீங்க இன்னும் குடிக்கறீங்கதானுங்க்கா?" நான் குடிக்கிறேன் என்பேன். அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். வைத்துவிடுவாள்.

இனிமேலாவது குடித்துத் தொலைத்தால் சொன்னது உண்மையாகிவிடுமே என்று நினைத்தேன். குணா இப்போதும் பால் ஆற்றித் தருகிறான். உதடுவரை கொண்டுபோனேன். எதிரே, பூட்டிய வீட்டின் பால்கனியில் யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. ஊற்றிவிட்டேன். ஜாலிக்குள்ளிருந்து அந்தக் குதிரை வாடை எழும்பி வந்தது, உயிருள்ளதுபோல, வெதுவெதுப்பாக...

நேற்று மறுபடி அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கவிதாவின் குரல்தான். ஆனால் அக்கா என்று கூப்பிடவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அவ உள்ள சாதம் வெச்சுட்டிருக்கறா. அவளுக்குக் கேக்காது. என்கிட்டயாவது நெசத்தச் சொல்லு. குடிச்சியா?"

நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. அதிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் அம்மா எண்ணையும் கூப்பிடுகிறேன்.

யாரும் எடுக்கவில்லை.