‘தன்’ என்ற சொல்லுக்காக நின்றவர்

வழக்கறிஞர் ஸ்டெல்லா சென்னையில் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை டிரங்க் கால் வந்தது. திண்டிவனத்தில் எங்கள் வக்கீல்கள் அறையில் போனை எடுத்தவன் நான். அரசு வக்கீலாக அவரை எதிர்த்தே வாதாடி வந்தவன். அவரை அறிந்த உங்களிடம் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் பெருமுக்கல் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொடிப் போர், அதாவது நிலக்கடலைக் கொடிகளைக் காயவைத்து அடுக்கிய குவியல், எரிந்தது. அங்கே கூலி வேலை செய்த ஏழுமலைக்குச் சிறை. நிலக்காரரின் மைத்துனன் ராஜவேலு ஏழுமலையிடம் பேசியதைக் கேட்ட டீக்கடைக்கார அம்மாளின் சாட்சியம்தான் அடிப்படை. “தன்னோட பீடியாலதான் போர் பத்திக்கிச்சுன்னு ராஜவேலு ஏழுமலைகிட்ட சொன்னாருங்க” என்றிருந்தார் அந்த அம்மாள். கீழ்க் கோர்ட்டில் சாட்சியத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தத் ‘தன்’, ‘ஹிஸ்’ ஆகிவிட்டது. ‘ஹிஸ்’ இருவரில் யாருக்கும் பொருந்தும், ஏழுமலைக்குப் பொருத்திவிட்டார்கள்.

மேல்முறையீட்டு விசாரணையன்று விழுப்புரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஸ்டெல்லாவும் ஏழுமலையின் மனைவியும்.

“டீக்கடை அக்கா மாத்திச் சொல்லிட்டாங்களாம்மா?” என்று கேட்டார் மனைவி.

“அவங்க சரியாத்தான் சொன்னாங்க. இங்கிலீஷ்ல மாத்தினதுலதான் பேஜாரு. தன்னோடன்னா, சொன்னவரோடது. இன்னிக்கு அத விட்டுட்டு வரமாட்டேன்.”

நீதிபதி தெலுங்கர், தமிழ் அவ்வளவாகத் தெரியாதவர். நான் ஆங்கில வாக்கியத்தைப் படித்தேன். ஸ்டெல்லா எழுந்து மறுத்தார். “மொழிபெயர்ப்பில் இருப்பதுதான் சாட்சியம். உட்காருங்கள்” என்றார் நீதிபதி. ஸ்டெல்லா உட்காரவில்லை.

“ஐயா, இந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார். இதே வாக்கியத்தை உங்கள் தாய்மொழியில் சொல்லிப் பாருங்கள்.”

நீதிமன்றத்தில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீதிபதியின் முகம் இறுகியது. பிறகு உதடுகள் அசைந்தன. “தன பீடி...” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

“தன என்றால் ராஜவேலுவுடையது. தமிழிலும் அப்படித்தானா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாம், ஐயா” என்றேன்.

அந்த வாரமே ஏழுமலை வெளியே வந்தார். கும்பிட வந்த அவர் மனைவியிடம் ஸ்டெல்லா, “டீக்கடை அக்காவுக்குச் சொல்லுங்கம்மா. உள்ளபடி சொன்னவங்க அவங்க” என்றார்.

பிறகு ஒருநாள் கேட்டேன்: “அன்னிக்கு நீதிபதி கேட்டப்ப நான் ‘இல்லை’ன்னு பதில் சொல்லியிருந்தா?”

“நின்னுக்கினே இருந்திருப்பேன் சார்.”

இப்போதெல்லாம் சாட்சி ‘தன்’ என்றாலோ ‘அவன்’ என்றாலோ நிறுத்துகிறேன். யாரென்று கேட்டு, பெயரையே எழுதச் சொல்கிறேன். என் தரப்புக்கு அது சில நேரம் பாதகமாகவே முடிகிறது. ஆனாலும் விடுவதில்லை. ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.