மண்டியிட்ட லாரி

கடைவீதியில் இருந்த அந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்பக்கம் முழுக்க வெளிச்சமும் நிலைக்கண்ணாடியும். பின்பக்கம், ஒரு நீலத் திரைக்கு அப்பால், சின்ன அறை. அங்கேதான் அவள் வேலை. லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குச் சாணை பிடிப்பாள். விளிம்பில் பிசிறு இல்லாமல் தேய்ப்பாள். பவர் சரியாக இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்துவாள். சாணைக்கல்லில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். கடையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. அவளுடைய சொந்தக் கண்ணாடி மட்டும் என்றைக்கும் மங்கலாகத்தான் இருக்கும். துடைக்க நேரம் இருந்ததில்லை.

அவளுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. பேருந்து நிலையங்களில் தொங்குமே, மெல்லிய தாளில் அச்சடித்த சின்ன நாவல்கள், அப்படிப்பட்டவற்றை எழுதுவாள். கதைக்குள் துப்பாக்கியே வராவிட்டாலும் அட்டையில் ஒரு துப்பாக்கி இருக்கும். அவள் கணவர், எலக்ட்ரீஷியன், ஒவ்வொரு புத்தகம் வந்ததும் முதல் பக்கம் படித்துவிட்டு, "இதுல யாரு செத்தது?" என்று கேட்பார். "யாரும் சாகலை" என்பாள். "அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?" என்பார். அதோடு அவருடைய வாசிப்பு முடிந்துவிடும்.

படிப்பு அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. பழைய இலக்கியம் என்று எதையும் தொட்டவள் இல்லை. கதையெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வாள்: "எங்கப்பா லாரி ஓட்டினவர். பார்க்காத ஆளு இல்லை. அவரு சொன்னதைத்தான் எழுதறேன்."

அதில் பொய் இல்லை. அப்பா வாரக்கணக்கில் வண்டியோடு போய்விட்டுத் திரும்பும்போது அவளுக்கும் தம்பிக்கும் கொண்டுவந்ததெல்லாம் கதைகள்தான். எல்லாம் லாரி ஷெட்டில் வேலை செய்த ஆட்களின் கதைகள். அவளுடைய நாவல்களில் அதிகம் விற்றது நெட்டையின் கதை.

நெட்டையும் அவன் தம்பியும் டிரைவர்கள். இரண்டு பேரும் எதிரெதிர் கம்பெனிகளில். துறைமுகச் சரக்கு யாருக்கு என்று கம்பெனிகளுக்குள் பெரிய தகராறு. மறுநாள் காலையில் துறைமுக வாசலில் நேருக்கு நேர் மோதுவது என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பியின் லாரி அச்சு முறிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் இருந்த நெட்டைக்குச் சேதி போனது. அவன் என்ன செய்தான்? தன் சொந்த லாரியைக் கொண்டுபோய்த் தம்பி வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்து திரும்பிவிட்டான். "வண்டி இல்லாம தோத்தான்னு என் தம்பிக்குப் பேரு வரக்கூடாது. தோக்கறதா இருந்தா என் முன்னாடி நின்னு தோக்கட்டும்." மறுநாள் அந்த லாரியிலேயே தம்பி வந்தான். வாசலை மறித்துக்கொண்டு நெட்டை நின்றான். தம்பி பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் அண்ணனுக்குக் கை எட்டும் தூரத்தில் லாரி தானாக நின்றது. முன்சக்கரம் இரண்டும் காற்றுப்போய், வண்டி அப்படியே முகத்தைத் தாழ்த்தியது. நெட்டை அதன் நெற்றியில் கை வைத்தான். அன்றைக்கு அங்கே ஒருவனும் கை ஓங்கவில்லை.

இந்தக் கதையைத்தான் அவள் எழுதி, அது அச்சாகி, விற்றும் தீர்ந்து, வருஷங்கள் ஆகியிருந்தன.

ஒரு நாள் கடைக்கு ஒரு பேராசிரியர் வந்தார். ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்து நீண்ட காலம் எழுத்தே தெரியாமல் இருந்து, அறுவை சிகிச்சை முடிந்து, படிக்கிற கண்ணாடிக்காக வந்திருந்தார். அவருக்கான லென்ஸை அவள்தான் தேய்த்தாள். பொருத்தம் பார்க்க அவளே வெளியே வந்து அவர் காதோரம் சரிசெய்தாள். கடையில் வழக்கமாக நீட்டும் எழுத்து அட்டையை அவர் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தார்.

"இதுதாம்மா எனக்குப் பரீட்சை. இது தெரிஞ்சா எல்லாம் தெரியும்."

நடுவில் எங்கேயோ பிரித்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. வரிகள் பழைய தமிழில் இருந்தன. அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் பெரியவர் ஒரு வரியை இரண்டு முறை படித்தார்.

"வளர்த்த கை கண்டது, மண்டியிட்டது மா."

ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு நின்றவள் கேட்டாள், "மான்னா என்னங்க ஐயா?"

"குதிரை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போர்க்களத்துல எதிரெதிரா நிக்கறாங்க. தம்பியோட குதிரை செத்துப்போச்சு. அண்ணன் தன்னோட குதிரையையே அவனுக்கு அனுப்பிடறான். மறுநாள் அந்தக் குதிரை மேல தம்பி வர்றான். குதிரை தன்னை வளர்த்தவனைப் பார்த்ததும்..."

"மண்டி போட்டுடும்" என்றாள் அவள். "அண்ணன் அதோட நெத்தியில கை வைப்பான். அன்னிக்குச் சண்டை நடக்காது."

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "படிச்சிருக்கீங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "இதை யாரு எழுதினது ஐயா? இது என்னோட கதை. குதிரைன்னு மாத்திட்டா தெரியாம போயிடுமா?"

கவுன்டரில் இருந்த பெண் குனிந்து சிரிப்பை அடக்கினாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"அம்மா, இது பழைய காவியம். யாரு பாடினதுன்னே தெரியாது. ஏட்டுல எழுதறதுக்கு முன்னாடியே பல தலைமுறை வாயாலயே பாடிக்கிட்டு வந்தது. நம்ம கணக்குக்குள்ள அடங்காத காலம். உங்க கதையைச் சொல்லுங்க, கேக்கறேன்."

அவள் நின்றபடியே சொன்னாள். துறைமுகம், அச்சு முறிந்தது, வாசலில் நிறுத்திய லாரி எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. நெட்டையின் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். காக்கிச் சட்டை, காதில் செருகிய பீடி. அந்த முகத்துக்குப் பின்னால் யாரோ ஒருவன் வாளோடு நிற்பதுபோல இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணு விட்டுட்டேன்" என்றாள். "லாரி சீட்டுல ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். தம்பி காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டான்னு நெட்டை கட்டி வச்சிருப்பான்."

பேராசிரியர் மறுபடி புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். குதிரை தனியாக ஆற்றைக் கடந்து வந்தது என்று சொல்லும் இடம். ஆள் இல்லாமல், ஆனால் 'பாரம் சுமந்து' வந்தது என்று இருந்தது.

"என்ன பாரம்னு காவியத்துல இல்லை. உரை எழுதினவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஆயுதம், கவசம், அண்ணனோட துக்கம்னுகூட. நானும் வகுப்புல துக்கம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அப்போ அது சாப்பாடா ஐயா?"

"யாருக்குத் தெரியும். நடுவுல எவனோ ஒரு டிரைவர் சேர்த்திருக்கலாம். தொலைஞ்சுபோன பாட்டு ஒண்ணு வாய் வழியா உங்கப்பா வரைக்கும் வந்திருக்கலாம். ரெண்டுல எதுன்னாலும்..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புது லென்ஸில் அழுக்கே இல்லை.

போகும்போது அந்தப் பகுதிக்குப் பொருளை ஒரு தாளில் குறித்து வைத்து, புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது என்றார்.

அந்த வாரம் அவளுக்கு வேலை ஓடவில்லை. எழுதிப் பாதியில் நின்ற ஒரு நாவலை எடுத்தாள், வைத்தாள். கணவரிடம் சொன்னபோது அவர் சுவிட்சுப் பெட்டியின் மூடியைக் கையில் வைத்தபடி யோசித்தார். "ஒயரு பழசு, பல்பு புதுசு. கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பல்புக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே இலக்கிய விமரிசனம் அது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனாள். அப்பா அவளுடைய தம்பி வீட்டில் இருந்தார், மூன்றாவது மாடியில். அந்த நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே லாரிகள் வளைவில் திரும்புவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நெட்டையை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் பார்த்ததில்லை. அவன் என் காலத்துக்கு முன்னாடி. ஒரு பெரிய டிரைவர் சொன்னாரு. லோடு ஏத்தக் காத்துக்கிட்டு இருந்தோம். அவரு நேர்ல பார்த்தவரு. அந்த வாசல்ல நின்னவரு."

"அவரே சொன்னாரா, பார்த்தேன்னு?"

"சத்தியம் பண்ணினாரு." அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் கேக்கறே?"

அவள் சொன்னாள். புத்தகத்தை மடியில் வைத்து, அந்த இடத்தைப் படித்தும் காட்டினாள். அப்பா முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கீழே ஒரு லாரி தப்பாகத் திரும்பியும் அவர் பார்க்கவில்லை.

"அப்போ நெட்டைன்னு ஒருத்தன் இல்லவே இல்லையா?"

அவருடைய குரல் அவளைக் கலங்கடித்தது. இளம் வயதில் கேள்விப்பட்ட ஒருவனை இத்தனை காலம் உடன் வேலை பார்த்தவனாகவே நினைத்து வாழ்ந்திருக்கிறார். தன் தம்பியோடு மனஸ்தாபம் வந்தபோதெல்லாம் நெட்டையை நினைத்துத்தான் தானே முதலில் போய்ப் பேசியதாக அன்றைக்குத்தான் சொன்னார்.

"இருந்தாம்ப்பா. நீங்க நினைச்சதைவிட ரொம்ப நாளைக்கு முன்னாடி இருந்திருக்கான். அவ்வளவுதான்."

அப்பா புத்தகத்தை வாங்கித் தாளைத் தடவிப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை, கனத்தைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முடிவு இதுல இருக்கா?"

"எதோட முடிவு?"

"அந்தப் பெரிய டிரைவர் முடிவைச் சொல்லலை. பாதியில லோடு ஏத்திட்டாங்க. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கிளம்பிட்டோம். அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. சண்டை நின்னதுக்கு மறுநாள் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

கதை கேட்டுத் தூங்கிப்போன சின்ன வயதில் ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை, சொல்கிறவருக்கே முடிவு தெரியாது என்று. பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தடுமாறி, அப்பாவுக்கு அதை முழுசாகப் படித்தாள். மறுநாள் போர் மறுபடி தொடங்குகிறது. அண்ணன் வேறு யாரோ எய்த அம்பில் விழுகிறான். தம்பி குதிரையை விட்டு இறங்குகிறான். அதற்குப் பிறகு அவன் அதன்மேல் ஏறவே இல்லை. ராஜ்யம் முழுக்கக் கயிற்றைப் பிடித்து அதன் பக்கத்திலேயே நடந்தான்.

அவளுடைய தம்பியின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார். "அந்த டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கும். சின்னப் பையன்கிட்ட சொல்ல வேண்டாம்னு விட்டிருப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ எழுதினதுல முடிவுல ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டாங்களே."

"அது நானா வச்சதுப்பா. எனக்கும் முடிவு தெரியாதில்லையா."

"இருக்கட்டும். அதையும் எவனாவது கேட்டுட்டுப் போவான்."

அதற்குப் பிறகு அவள் அந்தக் காவியத்தை விடவில்லை. மத்தியான இடைவேளையில் நீலத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள். தான் எழுதிய இன்னும் சில கதைகள் அதற்குள் வேறு உடையில் நின்றன. சில கதைகள் அதில் இல்லை. அவை எந்தக் காவியத்திலிருந்து வந்தவையோ. புரியாத இடங்களைப் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் தன் பங்குக்கு அவளுடைய நாவல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார், அட்டையிலிருந்த துப்பாக்கியைச் செய்தித்தாளால் மூடி.

பாதியில் நின்ற நாவலை அவள் முடித்தாள். ஒரு அக்கா, ஒரு தங்கை, ஒரு சலவைக்கூடம். இந்த முறை எங்கிருந்து எடுக்கிறாள் என்று தெரிந்தே எழுதினாள். எழுதும்போது, தன் தோளுக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு பெரிய வரிசை நிற்பதுபோல இருந்ததாம். டிரைவர்கள், பாடகர்கள், பெயர் தெரியாதவர்கள். வீட்டில் இதைச் சொன்னபோது, பயமாக இருந்ததா என்று அவளுடைய மகள் கேட்டாள். இல்லை என்றாள். சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கத்தான் தோன்றியதாம்.