அண்ணன் போடும் சூடான துண்டு

எங்க அண்ணன் சலூனில் சவரம் செய்துகொள்பவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பாதிச் சவரத்தில் கத்தியை மடித்துவிட்டு, ஆவிப்பெட்டியிலிருந்து சூடான துண்டை எடுத்து முகம் முழுக்கப் போர்த்துவான். எல்லாருக்கும் போடமாட்டான். கிடைக்காதவர்கள், "எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று சண்டைக்கு வருவார்கள்.

அந்தத் துண்டு அவர்கள் சுகத்துக்கு இல்லை. கண்ணை மறைக்கத்தான். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அண்ணனுக்கு வலிப்பு. மாத்திரை வேளை தவறாமல் போடுகிறான். அப்படியும் மாசத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும். சொல்லிவிட்டு வருகிற மரியாதை அதற்கு உண்டு: முதலில் ஒயர் கருகுற வாசனை, அப்புறம் இடது கட்டைவிரல் தன்னால் துடிக்கும். அதிலிருந்து அரை நிமிஷம். அதற்குள் துண்டைப் போர்த்தி, துடிக்கிற விரலை வலது கையால் வெளிப்பக்கமாக இழுத்து, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். அவனே கண்டுபிடித்த வழி. டாக்டர், "செய், ஆனா அதை நம்பி மாத்திரையை விட்டுடாதே" என்றாராம். பத்துக்கு ஏழு தரம் வந்தது திரும்பிப் போய்விடும். மீதி மூணையும் நான் பார்த்திருக்கிறேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சலூனில் கூட்டுகிறேன், துண்டு துவைக்கிறேன், மிச்ச நேரம் வம்பு பண்ணுகிறேன். தபால்காரர் வந்தாலே, "என்னம்மா, எட்டாங்கிளாஸ் மேதை" என்பார். பழிவாங்க ஒருநாள் காலையில் துண்டு எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பின்பக்கம் ஐஸ் வாளியில் ஊறப் போட்டேன். முகம் துடைக்கிற சாக்கில் நானே ஒன்றை அவர் முகத்தில் போட்டு, மனுஷன் துள்ளுவதைப் பார்க்க ஆசை.

அவர் குரல்வளையில் கத்தி இருந்தபோது அண்ணன் மூக்கை உறிஞ்சினான். இன்னொருதரம் உறிஞ்சினான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் வந்தேன். கத்தியை விலக்கி, பெட்டியைத் திறந்தான். காலி.

என்னைப் பார்த்தான். திட்டுகிற பார்வை இல்லை. அவன் அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை. கத்தி விரிந்தபடி கையில். கட்டைவிரல் துடிக்கிறது. கண்ணாடியில் தபால்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கத்தியைப் பிடுங்கித் தூர வைத்தேன். விரலைப் பிடித்து இழுத்தேன். "சொல்லுண்ணே. பதினேழு பத்து?"

உதடு ஒரு பக்கம் கோணியது. சத்தம் வரவில்லை. நானே ஆரம்பித்தேன். "நூத்தி எழுபது. பதினேழு ஒம்போது நூத்தி அம்பத்திமூணு. பதினேழு எட்டு நூத்தி நாப்பது."

"முப்... பத்தாறு." கிணற்றுக்குள்ளிருந்து வந்தது குரல்.

"பதினேழு ஏழு நூத்திப் பத்து."

"பத்தொம்போதுடி. கழுதை."

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். நிஜமாகவே தெரியாது. பதினேழு நாலு வரும்போது விரல் அடங்கிவிட்டது.

"என்ன தம்பி இது?" என்றார் தபால்காரர், பாதி முகத்தில் நுரையோடு.

"கணக்குப் பாடம் சார்" என்றேன்.

"கத்தியைப் பிடுங்கி வச்சுட்டுக் கணக்குப் பாடமா?"

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான். "வலிப்பு சார். உங்க கழுத்துல கத்தி இருக்கறப்ப வரப் பார்த்துச்சு."

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப அந்தத் துண்டு?"

"அதுக்குத்தான் சார்."

"ஆறு வருஷமா ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டுத் திரியறேனேப்பா." கண்ணாடியில் நுரையைப் பார்த்துக்கொண்டு, "மீதிச் சவரம்?"

"இன்னிக்கு இல்ல சார். இனிமேலும் இல்ல."

அவர் போனதும் சண்டை போட்டேன். "அதான் நிறுத்திட்டோம்ல?"

"இன்னிக்கு நின்னுச்சு. நிக்காத அன்னிக்கு எவன் கழுத்து கீழ இருக்கும், நீ சொல்லு."

துண்டு எங்கே போச்சு என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டு ரெண்டு அறை விட்டிருந்தால் தேவலை.

இப்போது மெஷினும் நுனி மழுங்கின கத்தரியும்தான். கூட்டம் பாதியாகிவிட்டது. தபால்காரர் சவரத்துக்கு வேறு கடை பார்த்துக்கொண்டார். முடிவெட்ட மட்டும் வருகிறார். அவர் தலையில் மெஷின் ஓடும்போது துடைப்பத்தோடு அண்ணன் இடது கைப்பக்கம் போய் நிற்பேன்.

"போய் வேலையைப் பாருடி" என்பான்.

"பார்த்துட்டுதான் இருக்கேன்."