தூளி ஆட்டின கன்றுக்குட்டி

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் அம்மா காலையில் குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டால், சுத்தம் கெட்டுவிடும் என்று சமையலும் பூஜையும் முடிகிறவரை தம்பியைத் தொடமாட்டாள். கைக்குழந்தைக்கு அது புரியுமா? தூளியில் கிடந்து கத்துவான். ஆட்டுவது என் வேலை. அவன் தூங்கினால்தான் நான் பள்ளிக்கூடம் போகலாம். நாலாம் கிளாஸில் பாதி நாள் போகவில்லை. இனியும் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று ஸார் சொல்லிவிட்டார்.

பின்கட்டில் தூளிக்கு எதிர்த் தூணில் கன்றுக்குட்டியைக் கட்டியிருப்போம். ஈ மொய்த்தால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் தூளிக் கயிற்றின் நுனியை அவள் கழுத்தில் கட்டிப் பார்த்தேன். தலை ஆட, தூளியும் ஆடியது. தம்பி தூங்கிவிட்டான்.

அப்புறம் தினமும் அவள்தான். ஆனால் சும்மா ஆட்டமாட்டாள். காயவைத்த அப்பளத்தைத் தின்பாள். தூங்குகிற பிள்ளையின் காலை நக்கி எழுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மறுபடி ஆட்டுவாள்.

"குழந்தையப் பாத்துக்க ஆள் வெச்சாச்சு போலிருக்கே. சம்பளம் வைக்கோலோ?" என்றாள் அடுத்த வீட்டு மாமி.

"அப்பளமும் உண்டு மாமி" என்றாள் அம்மா.

ஒருநாள் குளத்தங்கரை வரை போன பிறகுதான் நினைவு வந்தது. தூளிக் கயிற்றை அவள் கழுத்தில் கட்டினேன். அவளைத் தூணில் கட்டவே இல்லை. பால் கறக்கும்போது அவிழ்த்துவிட்ட கன்று, தூணில் கட்டாமலே நிற்கிறாள். ஓடினால் தூளியையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுவாள்.

சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். வாசலிலேயே கொட்டிலில் பசு கத்துவது கேட்டது. தாய் கூப்பிட்டால் எந்தக் கன்று நிற்கும்?

பின்கட்டில் அம்மா மடிப்புடவையோடு, கன்றின் கழுத்தருகே கையை நீட்டியபடி நின்றாள். ஆனால் கன்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. பசு மறுபடி கத்தியது. கன்று காதைத் திருப்பி, பதிலுக்கு ஒரு குரல் கொடுத்தாள். கால் நகரவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். தம்பி முழித்துக்கொண்டு அவளையே பார்த்துக் கிடந்தான்.

"மெதுவா வா. கயித்த அவுரு" என்றாள் அம்மா.

முடிச்சு இறுகி, லேசில் அவிழவில்லை. அவிழும்வரை கன்று பொறுத்து நின்றாள். அவிழ்ந்ததுதான் தாமதம், ஒரே பாய்ச்சல். போகிற போக்கில் ஒரு அப்பளத்தையும் கவ்விக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

"பிடிச்சுடலாம்னுதான் வந்தேன், கேட்டயா. பிடிக்க வேண்டியே வரலைடி" என்றாள் அம்மா.

கொட்டிலைத் திரும்பிப் பார்த்தவள், மடிப்புடவையோடு தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் அம்மாவையே பார்த்தேன்.

"என்ன பாக்கறே? இன்னொரு தரம் குளிச்சா போச்சு. நீ ஸ்கூலுக்குப் போ."

அன்று முதல் தம்பி அழுதால் அம்மாவே தூக்குவாள்; அவளுக்கு தினமும் ரெண்டு குளி. ஸார் என் பேரை வெட்டவில்லை. நாலாம் கிளாஸை முடித்தேன்.