பெட்டி நிறைய ஒற்றர்கள்

அறுபதுகளில் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக எடுத்த ஒற்றர் தொடர்களைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசத் தொடங்கினால், தேத்தண்ணீர் போடுகிறேன் என்று சொல்லி நான் எழுந்துவிடுவேன். என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு நோய். இணையத்தில் தேடிப் பிடித்துத் தொடக்க இசையை ஒருவருக்கொருவர் அனுப்பி, அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கும் அந்த நோய் இருந்தது. மற்றவர்களைவிடக் கூடவே இருந்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதை எழுதினால் கோபம் ஆறும் என்று மகள் சொல்கிறாள். ஆறாது. என்றாலும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் கிடந்தோம். குப்பை அறையில் எவரோ கழித்துவிட்ட தொலைக்காட்சிப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்து, உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்து அன்ரெனா செய்தோம். சனி மத்தியானங்களில் ஒரு சானல் அந்தப் பழைய தொடர்களைப் போடும். எல்லோருக்கும் உணவகச் சமையலறையில் பின்னேர வேலை, மத்தியானம் சும்மாதான். நானும் என் நண்பனும் தரையில் குந்திக்கொண்டு வாய் பார்ப்போம். கோட்டுக் கசங்காத ஒரு மனிதன் பெர்லினில் சண்டை பிடிப்பான், கெய்ரோவில் சண்டை பிடிப்பான். மாடிப்படி மட்டும் ஒரே மாடிப்படிதான். சுவரின் நிறத்தை மாற்றிவிட்டு ஊரை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த ஏமாற்று எங்களுக்குப் பிடித்திருந்தது. என் ஆங்கிலமும் அங்கே வந்ததுதான். உருளைக்கிழங்கு முடிந்துவிட்டது என்பதைக்கூட ஒரு பிரபுவின் பணிவோடு நான் சொல்ல, செஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

எங்களுக்கு ஏன் அப்படிப் பிடித்தது என்று இப்போது யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஒற்றன் என்பவன் சாக்கு மூட்டை. ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து எங்களை வரிசையில் விடுவார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் நிற்பான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலை ஆடினால் உன் கதை முடிந்தது. ஒருநாள் நானும் தம்பியும் முன்னும் பின்னுமாக அவனைக் கடந்தோம். தலை ஆடவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஆளை எனக்குத் தெரியும் அண்ணை. செருப்பைப் பாத்தனான்" என்றான் தம்பி. யார் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கிழமை இயக்கப் பெடியள் அந்த ஆளை மின்கம்பத்தில் தொங்கவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

இங்கே அந்தத் தொடர்களைப் பார்த்தபோது உளவு என்பது சுத்தமான உடுப்பும் நல்ல காரும் ஆகிவிட்டது. பிடிபட்டவன் கடைசி விளம்பரத்துக்குப் பிறகு எப்படியும் தப்பிவிடுவான். எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. துரோகி யார் என்று முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். "ஆர் அளவுக்கு மிஞ்சி அன்பாய்க் கவனிக்கிறானோ, அவன்தான்" என்பேன். தப்பியதே இல்லை. நண்பன் அதை வேலைத்தலம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பிறகு நாங்கள் கலியாணம் செய்து ஸ்காபரோவுக்கு மாறிய பிறகும், அந்தத் தொடர்கள் முழுவதும் அடங்கிய பெட்டி எங்காவது கிடைத்தால் வாங்கித் தா என்று அவனைக் கரைச்சல் படுத்திக்கொண்டே இருந்தேன்.

போர் முடிந்த அந்த ஆண்டு, மாசிப் பனிக்குள் எனக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தக் குழாயில் ஸ்ரென்ற் வைத்து, வேலைக்கு லீவு தந்து வீட்டில் இருத்திவிட்டார்கள். தம்பி அப்போது வன்னியில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். மனைவியோடும் சின்ன மகனோடும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை ஓரமாக ஒடுங்கியிருந்தான். யாருடையதோ சற்றலைற் போனிலிருந்து ஒருநாள் அவன் குரல் வந்தது. "அண்ணை, நாங்கள் இருக்கிறம். உங்கடை நெஞ்சு எப்பிடி?" அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. பதுங்குகுழிக்குள் இருப்பவன் என் நெஞ்சைக் கேட்கிறான். மனைவியும் மகளும் போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுணில் பதாகையோடு வீதியில் நிற்க, நான் வோபர்ன் அப்பார்ட்மென்ற் பல்கனியில் நெஞ்சுவலிக் குளிசையோடு நின்றேன். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். தம்பி உயிரோடு அரசாங்கத்தின் அகதி முகாமுக்குள் வந்துவிட்டானா என்ற ஒன்றைத்தவிர எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு காலையில் நண்பன் வந்தான். கையில் அந்தப் பெட்டி. எல்லாத் தொடர்களும் டிவிடியில்.

"நீ கேட்ட சாமான், மச்சான். இனிக் காலமை காலமை நான் வந்து உன்னோடை இருக்கிறன். வேலை பின்னேரம்தானே."

"இதையெல்லாம் இப்ப பாக்கிற மனநிலையோடா எனக்கு?"

"சும்மா இருந்து யோசிச்சு என்ன செய்யப்போறாய்? செய்தி வரேக்கை வரும்."

வற்புறுத்திப் போட்டான். அந்த இசை தொடங்கியதும் எனக்குச் சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டின் வெங்காய மணமே மூக்கில் வந்துவிட்டது. முதல் நாள் வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் வருமுன்பே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த மாடிப்படி வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டிச் சிரித்தோம். இன்னும் பெரிய அதிசயம், என் மனைவி. வெள்ளைக்காரன் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிற படம் என்று இருபது வருடம் நக்கலடித்தவள், வந்து பக்கத்தில் இருந்து பார்த்தாள். விளங்காத இடத்தைக் கேட்கவும் செய்தாள். இந்த வயதில் என்மேல் இப்படி ஒரு பாசமா என்று உருகிப்போனேன்.

வானொலி பழுதென்று மனைவி சொன்னாள். எங்கள் தமிழ் வானொலியில் காலையில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பழுதென்றால் பழுது. கணினியில் வைரஸ் என்று நண்பன் அதைத் திருத்தக் கொண்டுபோனான். தொலைபேசி அடித்தால் மனைவி எடுத்து, காதில் வைத்தபடியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். என் நெஞ்சுக்குச் சத்தம் கூடாதாம். ஒருநாள் பிளாசாவில் மரக்கறிக் கடைக்குப் போனேன். கதைத்துக்கொண்டு நின்றவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். கடைக்கார அண்ணை முருங்கைக்காயை நிறுக்காமலே பைக்குள் போட்டு, "கொண்டு போங்கோ, பிறகு பாப்பம்" என்றார். வருத்தக்காரனுக்கு இரங்குகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் மீனும் இறைச்சியும் நின்றுபோயிருந்தன. கேட்டதற்கு, "டொக்டர் சொன்னவர்தானே" என்றாள் மனைவி. அவள் தானும் சாப்பிடவில்லை. சரி, என் தம்பி நல்லபடியாக வரவேண்டும் என்று நேர்த்தி வைத்து விரதம் இருக்கிறாள், சொன்னால் பலிக்காது என்று மறைக்கிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தம்பியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாரும் என்றேன். "அடுத்த வெள்ளி பாப்பம்" என்றாள். அடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள். கோயில் பக்கமே போகாமல், வீட்டுச் சாமிப்படத்துக்கு விளக்கும் வைக்காமல் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் விரதம் இருப்பாளா? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், அது துடக்கு. வீட்டில் சாவு விழுந்தால் காக்கிற துடக்கு. எனக்கு விளங்கவில்லை. திரையில் துரோகியைப் பத்து நிமிடத்தில் பிடிக்கிற எனக்கு என் சொந்தக் குசினி அடுப்பு விளங்கவில்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் டிவிடி ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் அன்று வரப் பிந்திவிட்டான். நான் நல்ல மனநிலையில் இருந்தேன். தம்பி குடும்பத்தை முகாமிலிருந்து எடுத்ததும் ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடவேண்டும், ஒரு லோயரைப் பார்க்கவேண்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யூனிவேர்சிற்றி லீவில் நின்ற மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, சித்தப்பா ஆக்கள் வந்தால் உம்மடை ரூமை அவைக்குக் குடுப்பம். நீர் இந்தக் கிழமையே சாமானுகளை ஒதுக்கத் தொடங்கும்."

அவள் தாயைப் பார்த்தாள். மனைவி தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

"ஐ கான்ற் டூ திஸ் எனிமோர், அம்மா" என்றாள் மகள். என் பக்கம் திரும்பி, "சித்தப்பா இல்லை, அப்பா. மே மாசமே இல்லை. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் சொல்லேல்லை" என்றாள்.

திரையில் எவனோ எவனையோ சுட்டுக்கொண்டிருந்தான். மனைவி ரிமோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து தம்பி போய்விட்டான். தம்பியின் மனைவி பிள்ளையோடு முகாமுக்கு வந்து, ஒருவாறு தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்த நாள்தான் நண்பன் பெட்டியோடு வந்தான். டொக்டரிடம் செக்அப் முடியட்டும், அதன் பிறகு சொல்லுவோம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். செக்அப் தள்ளிப்போனது. முடிந்த பிறகு, நீங்கள் சொல்லுங்கோ என்று இவளும், நீங்களே சொன்னால்தான் சரி என்று அவனும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குள் காரியம் செய்கிற முப்பத்தோராம் நாளும் கழிந்துவிட்டது. ஒரே தமையன் நான். அவனுக்காகத் தலை முழுகவில்லை, ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விடவில்லை. சோபாவில் சாய்ந்திருந்து மாடிப்படியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் வந்து மணியடித்தான். நான்தான் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"உன்னைக் காப்பாத்தத்தான் மச்சான்..."

"ஆரிட்டையிருந்தடா காப்பாத்தினனி? என்ரை தம்பியிட்டையிருந்தோ?"

"நீ கொஞ்சம் சிரிக்கவேணும் எண்டுதான் செய்தது. வேறை ஒண்டும் இல்லை. சத்தியமாய்."

சத்தியம்தான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒருவன் கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். இவன் இருபது வருடம் என்னோடு ஒரே பானையில் தின்றவன். என் நெஞ்சுக்காக, தன் நித்திரையைக் கெடுத்து, காலை காலையாக வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து பொய்யாகச் சிரித்தவன். அந்தப் பெட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். மனைவியோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எல்லோரும் வந்து, நல்லதுக்குத்தானே செய்தார்கள் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நல்லது. என் நெஞ்சும் நன்றாகத்தான் இருக்கிறது.

வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் மூலம், முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசி இலக்கம் கிடைத்தது. தம்பியின் மனைவியைக் கூப்பிட்டு விடச் சொல்லிக் காத்திருந்தேன். வந்தாள். அவள் அழவில்லை, அழுகையெல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். தண்ணீருக்கு வரிசை என்றாள். ஏன் பிறகு எடுக்கவில்லை, ஒருதரம்தான் எடுத்தீரோ என்று நான் கேட்டேன்.

"இல்லை அத்தான், ரெண்டு தரம் எடுத்தனான். முதல்தரம் நீங்கள் வேலைக்குப் போட்டியள் எண்டு அக்கா சொன்னவ. ரெண்டாந்தரம் எடுக்கேக்கை நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. உங்கடை சிரிப்பும் இவரின்ரை சிரிப்பும் ஒண்டுதானே. ஒரு நிமிசம் இவரெண்டு நினைச்சு, போனை வைச்சிட்டன். அதுதான் பிறகு எடுக்கேல்லை." பிறகு, குறையாக இல்லாமல், சும்மா விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்: "அண்டைக்கு வீட்டிலை என்ன விசேஷம், அத்தான்?"