மும்தாஜ் கடையில் கூடிய கூட்டம்

பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்குத் தொழில் வழிகாட்டி ஆலோசகராகப் போன முதல் நாள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் வைத்தேன். மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். எங்கே ஓடுகிறார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"மும்தாஜ் கடைக்கு சார். மேல இன்னா படிக்கணும்னு அந்தம்மாகிட்டதான் கேப்பாங்க."

டச்சுக் கல்லறைக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடை அது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது மும்தாஜின் பிழைப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் சைக்காலஜி எம்.ஏ., அதற்கு மேல் கவுன்சலிங் டிப்ளமோ. ஆலோசனைக்கு ஒதுக்கிய வியாழன்தோறும் என் அறையில் ஃபேன் மட்டும் சுற்றும். அவர் கடை வாசலில் செருப்பு விட இடமிருக்காது. முதல் வருடம் இதை மற்ற ஆசிரியர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். இரண்டாம் வருடம் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினேன்.

அந்த வருடம்தான் கவிதா வந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்.

"சார், ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் டிரேடு சேரலாம்னு இருக்கேன். மீன் கம்பெனி கோல்டு ஸ்டோரேஜ்ல வேலை கிடைக்கும்னு மும்தாஜ் அக்கா சொல்லிச்சு."

அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய டெஸ்ட் தாள் என் மேசையில் இருந்தது. மெக்கானிக்கல் பகுதியில்தான் அதிக மார்க். அதை நான் காட்டவில்லை.

"அதெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்களுக்குச் சரிப்படாதும்மா. முடிச்சாலும் யாரும் எடுக்க மாட்டாங்க. பி.காம் சேரு" என்றேன். ஒரு கம்பெனியிடம்கூட விசாரித்திருக்கவில்லை.

சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, பொன்னேரியில் பி.காம் சேர்ந்தாள். மும்தாஜ் பேச்சை விட்டு என் பேச்சைக் கேட்ட முதல் பிள்ளை. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் செமஸ்டரில் நான்கு பேப்பர் போயிற்று. கவிதா கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய நைனா வலையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை.

"டெஸ்ட்டுல எங்க பொண்ணுக்கு இன்னா சார் வந்துச்சு? அத்த மட்டும் சொல்லுங்க."

பீரோவிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நேராக மும்தாஜ் கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

மும்தாஜ் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெக்கானிக்குனுதானே சார் வந்திருக்கு? அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"அது நீங்க சொன்னதுங்கிறதாலதான்மா" என்றேன். சொல்ல வேறு காரணம் இல்லை.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். மும்தாஜ் சண்டை போடவில்லை. போனை எடுத்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக்காக இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "கவிதாவ அனுப்புறேன். ஒரு நாள் பூரா கூட வெச்சுக்கோ. புடிக்குதா இல்லையான்னு அதுவே சொல்லட்டும்."

அந்த அம்மா யாருக்கும் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வேலையைச் செய்கிறவரிடம் அனுப்பிவிடுகிறார், அவ்வளவே. எனக்கு அது தோன்றியதே இல்லை.

அடுத்த வருடம் கவிதா ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். இப்போது ஆரம்பாக்கம் பக்கம் கோல்டு ஸ்டோரேஜில் வேலை. ஆனாலும் அந்த ஒரு வருடம் போனது போனதுதான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள், நின்று பேசமாட்டாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று. டெஸ்ட் உதவும், ஆலோசனையும் உதவும். ஆனால் எதிரில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மனதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், அன்று எதுவும் சொல்லாதீர்கள். "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிடுங்கள். மும்தாஜ் மேல் இருந்த பொறாமை நான் ஓய்வு பெறும்வரை போகவில்லை. அப்படி அனுப்பிவைக்க மட்டும் கற்றுக்கொண்டேன்.