அழுகிறவர் பக்கத்தில் ஆறு மணி நேரம்

இருபத்தாறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர் அக்கா. எதிரில் யாராவது கண் கலங்கினால் போதும், அவருடைய கை தானாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போய்விடும். ஆஸ்பத்திரியில் அவருக்குச் 'சமாதானம் அக்கா' என்றே பெயர். கணவர் கண் மூடிய அன்றுகூட, வந்தவர்களையெல்லாம் தேற்றி அனுப்பிவிட்டு, தனக்கென்று ஒரு சொட்டுக் கண்ணீர் மிச்சமில்லாமல் நின்ற பெண்மணி.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் கிடைத்த வேலையைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வில் கிடப்பவர்களுக்கு, ஒருவகைக் காளானில் இருக்கும் பொருளை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மாத்திரையை விழுங்கியவர் கண்ணில் துணிப்பட்டி கட்டிக்கொண்டு, காதில் மெல்லிய இசையோடு படுத்துக்கொள்வார். ஆறு மணி நேரம் தனக்குள்ளேயே இறங்கிப் போய்விடுவார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவும் அக்காவும் பக்கத்தில் துணை. ரத்த அழுத்தம் பார்க்கலாம், வாந்தி வந்தால் கிண்ணம் பிடிக்கலாம். மற்றபடி, அவராகக் கையை நீட்டாமல் தொடக் கூடாது. அவராகப் பேசாமல் பேசக் கூடாது.

"ஏண்டி, ரிட்டயர் ஆகுற வயசுல ஆளுங்களுக்குப் போதை ஏத்தி விடுற வேலையா?" என்று சிரித்தாள் அவருடைய மூத்த சகோதரி.

"போதை ஏத்துறவன் பக்கத்துல பிரஷர் மெஷின் வச்சுக்கிட்டா உக்காருவான்? போக்கா, வேற வேலையப் பாரு."

அந்த அறைக்கு வந்தவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவர். ஒரு மழைக் காலையில் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் வழுக்கி, பஸ்ஸுக்கு முன்னால் விழுந்துவிட்டான். டிரைவர் மேல் குற்றமில்லை என்று கோர்ட் சொன்னது. அவர் மனசு மட்டும் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. நான்கு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு துளி அழவும் இல்லை.

"வீட்டுல ஒரு நாற்காலி கூடுதலா கிடக்கற மாதிரி இருக்காருங்க" என்றாள், அவரைக் கூட்டி வந்த மனைவி.

ஆளுக்கு இரண்டு முறைதான் மாத்திரை. முதல் முறை, இரண்டு மணி நேரம் கழித்து டிரைவரின் தாடை நடுங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ புரண்டு மேலே வந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்த் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்" என்றார். டிரைவர் அடங்கிவிட்டார். மிச்ச நேரமெல்லாம் மரக்கட்டையாகக் கிடந்தார். நல்ல காரியம் செய்துவிட்டதாக அக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு தாளை அவரிடம் நீட்டினார். மாத்திரையின் அனுபவத்தை டிரைவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'அந்த இடத்துக்குக் கிட்டப் போயிட்டேன். ரோட்டுல அவன் கிடந்தான். யாரோ கூப்பிட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "கூப்பிட்டது நான்தானே, டாக்டரம்மா?"

"ஆமாக்கா."

"அடுத்த தடவைக்கு வேற நர்ஸப் போடுங்க. அவருக்கு மிச்சமிருக்கறது ஒரு வாய்ப்புதான். அதையும் நான் கெடுத்துட்டா, இந்த ஜென்மத்துக்கு எனக்குத் தூக்கம் வராது."

ஆனால் டிரைவர் சம்மதிக்கவில்லை. "அந்தம்மா பக்கத்துல இருந்த தைரியத்துலதான் அவ்வளவு தூரம் போனேன். அவங்க இல்லன்னா நான் வரல" என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். வேறு வழியில்லை.

மூன்று வாரம் கழித்து அதே அறை. மணி பன்னிரண்டைத் தாண்டியதும் டிரைவரின் தாடை மறுபடி நடுங்கியது. அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் அழுகை. அது என்ன சாதாரண அழுகையா? நான்கு வருடமாக அணைபோட்டு வைத்தது மொத்தமாக உடைந்துகொண்டு வந்தது.

"ஹாரன் அடிச்சேனேடா" என்று கதறினார் டிரைவர். "கேக்கலயா உனக்கு? பிரேக்க அடி வரைக்கும் மிதிச்சேனேடா."

அக்காவின் தொண்டை வரை 'ஒண்ணுமில்ல' வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினார். ஒண்ணுமில்லையா? ஒரு உயிர் போயிருக்கிறதே. ஒன்றுமில்லை என்று யார் சொல்ல முடியும்? இத்தனை வருடமாக எத்தனை பேரிடம் அந்தப் பொய்யைச் சொல்லி, அவர்கள் வாயை அடைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

டாக்டரம்மா அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. டிரைவர் கையை நீட்டவும் இல்லை. முக்கால் மணி நேரம் அந்த அழுகை அறையை நிறைத்தது. பிறகு தானாகவே மழை விடுவதுபோல மெல்ல விட்டது. நாலு மணிக்கு அவர் துணிப்பட்டியைக் கழற்றி, வீங்கிய கண்களால் சுற்றிலும் பார்த்தார்.

"பசிக்குது" என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லவில்லை. பலித்ததா இல்லையா என்று தெரியாமல் அக்கா ஆறு வாரம் தவித்தார்.

மறு பரிசோதனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "தூக்கம் எப்படி?"

"அஞ்சு மணி நேரம் வருது. முன்னாடி ரெண்டு."

"அந்த நினைப்பு?"

"இருக்கு மேடம். முன்னாடி வண்டிக் கண்ணாடிய மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. இப்ப பின் சீட்டுல உக்காந்திருக்கு. இறங்கல. ஆனா ரோடு தெரியுது."

"இவர் ஒருத்தர வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுக்கா. இன்னும் முப்பது பேர் இருக்காங்க" என்று டாக்டரம்மா அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

டிரைவர் எழுந்தார். "திங்கக்கிழமை டிப்போவுக்குப் போறேன். ஓட்ட இல்ல. நிக்கற வண்டியில ஏறி, சும்மா சீட்டுல உக்காந்து பாக்கப் போறேன்."

"நானும் கூட வரேன்" என்றாள் மனைவி.

"வா. ஆனா டிக்கெட் எடுக்கணும்."

மனைவிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.